சம்புச் சொதி

இந்தச் சீட்டுல ஆள் இருக்கா? இல்லையா? அப்பம் கொஞ்சம் தள்ளிக்கிடுங்க தங்கச்சி. பை மடியிலயே இருக்கட்டும், கீழ வச்சா மிதிச்சிருவானுவ. இது கொறுக்கன்குளம் போவும்லா? நீங்களும் அங்கதான் இறங்குதியளா? நல்லதாப் போச்சு, ஸ்டாப்பு வந்தா சொல்லுங்க. நான் அந்த ஊருக்கு வந்து மூணு வருசம் ஆச்சு. இனிமே மிதிக்கவே கூடாதுன்னுதான் இருந்தேன். இப்பவும் ஆசைப்பட்டு வரல, கேட்டியளா. ஒருத்திய நாக்கைப் பிடுங்கிக்கிடுத மாதிரி நாலு கேள்வி கேக்கணும். கேட்டுட்டு அடுத்த பஸ்ஸுக்குத் திரும்பிருவேன்.

யாரையா? எங்க சம்பந்தக்காரியத்தான். ஆவுடையம்மா. கீழத்தெருவுல, வாழைத்தோப்புக்காரர் வீடு. தெரியுமா? தெரிஞ்சவியன்னா இன்னும் நல்லது, நியாயத்தை நீங்களே சொல்லுங்க. நான் யாரையும் குறை சொல்லுத ஆள் கிடையாது. டவுன்ல எங்க தெருவுல வந்து தெய்வானைன்னு கேட்டுப் பாருங்க, யாரைப் பத்தியும் ஒரு வார்த்தை பேச மாட்டான்னு சொல்லுவாவ. இவளைப் பத்தி மட்டும் மூணு வருசமாச் சொல்லிக்கிட்டு இருக்கேன். அது குறை சொல்லுதது இல்ல, நடந்ததைச் சொல்லுதது.

என் மகன் சங்கரலிங்கத்துக்கு அவ மக வடிவைக் கட்டியிருக்கோம். பிள்ளையக் குறை சொல்லவே முடியாது. கல்யாணத்துலயும் ஒரு குறை கிடையாது. மறுநா மறுவீடு. மறுவீடுன்னா நம்ம பக்கம் சொதிதான, உங்களுக்குத் தெரியாததா? தேங்காப்பால் எடுத்து, பாசிப்பருப்பு போட்டு, உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், பீன்ஸு, கேரட்டு. கடைசியில எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, தொட்டுக்கிட இஞ்சித் துவையல். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அந்தச் சொதியை வச்சுத்தான் சம்பந்தக்காரவளை எடை போடுவாவ. என் கல்யாணத்துக்கு எங்க அம்மா வச்ச சொதியை எங்க மாமியா சாவுத வரைக்கும் சொல்லிச் சொல்லிக் காட்டுனா. உப்புக் கூடிப் போச்சாம். அம்புட்டு முக்கியமான விசயம் அது.

பந்தியில இலை போட்டு உக்காந்தாச்சு. இவதான் பரிமாற வந்தா. பட்டுச்சேலை கட்டியிருக்கா, சரி. கையப் பாத்தா கீறலு. முட்டங்கை வரைக்கும் கீறலு. கணுக்காலுல அட்டை கடிச்ச தடம், ரத்தம் காஞ்சு போய் இருக்கு. மறுவீட்டு விருந்தன்னைக்கு ஒரு சம்பந்தக்காரி நிக்க கோலமா அது? வயலுக்குப் போயிட்டு வந்தவ மாதிரி. எனக்கு அப்பமே மனசுல என்னமோ பட்டுச்சு.

சொதி ஊத்துனா. ஒரு வாய் வச்சேன். உள்ளதைச் சொல்லணும்லா, நல்லாத்தான் இருந்துச்சு. வெள்ளையா, வட்டம் வட்டமா ஒரு காய் கிடக்கு. கடிச்சா நறுக்குன்னு இருக்கு, அந்தால கரைஞ்சும் போவுது. பால் குடிச்சு ஊறிப் போய் இனிப்பா ஒரு ருசி. நான் வாழைத்தண்டுன்னு நெனச்சேன். தோப்பு வச்சிருக்கவ வீடு, தண்டுக்கு என்ன குறைச்சல். ரெண்டாவது தடவை கேட்டு வாங்குனேன். அதுக்கப்புறம் அவளா ஊத்துனா, நான் கையைக் காட்டி மறிக்கல, அம்புட்டுத்தான். பக்கத்துல எங்க நாத்தனா இருந்தா. அவகிட்ட நல்லா சத்தமாவே சொன்னேன், "தண்டுன்னா இப்படில்லா வேவணும், நீ வைக்கது கயிறு மாதிரில்லா இருக்கும்"னு.

நாத்தனாளுக்கு நாக்கு நீளம். அந்தானைக்கு ஆவுடையக் கூப்பிட்டு, "ஏ மயினி, இது எந்த ஊரு தண்டு? எங்க மயினி இப்படிப் புகழுதாளே"ன்னு கேட்டா. இவ இருக்காளே, சிரிச்சுக்கிட்டே சொல்லுதா: "தண்டு இல்ல மயினி. நம்ம குளத்துச் சம்பு. குருத்து. காலையில நானே இறங்கிப் பிடுங்குனேன். எங்க வீட்டுல ரொம்ப வேண்டியவங்க வந்தாத்தான் இது வைப்போம்."

சம்பு! குளத்தங்கரையில ஆள் உசரத்துக்கு நிக்கும் பாருங்க, பழுப்புக் கதிரோட, அந்தப் புல்லு. எருமை மாடு மேயும் அதுக்குள்ள. அதைக் கொண்டாந்து மறுவீட்டுச் சொதியில போட்டிருக்கா. அதையும் பந்தியில வச்சுச் சொல்லுதா. எங்க நாத்தனா சிரிச்ச சிரிப்பு இருக்கே, "எங்க மயினி புல்லை மூணு வாளி குடிச்சிட்டா"ன்னு. பந்தியே சிரிச்சுச்சு. எங்க வீட்டுக்காரரு, அவ்வோளும் சிரிச்சாவ. வாயில சொதியை வச்சுக்கிட்டே சிரிச்சாவ.

நான் எந்திரிச்சேன். எந்திரிக்கும்போது இலைய மடக்கணும்லா, மடக்குனேன். விசேச வீட்டுல உள்பக்கமா மடக்குவோம், நம்மளைப் பாத்து. உறவு நிக்கணும்னு. சாவு விழுந்த துட்டி வீட்டுலதான் வெளிப்பக்கமா மடக்குதது. எனக்கு இருந்த படபடப்புல கை போன பக்கம் மடக்குச்சு. அது வெளிப்பக்கமாப் போச்சு. ஒருத்தி வேணும்னா செய்வா? எல்லாரும் என்னமோ நான் கொலை பண்ணிட்ட மாதிரி பாக்காவ. அவ கையில சொதி வாளி. இலையப் பாத்தா, என்னைப் பாத்தா. ஒரு வார்த்தை கேக்கல. அடுத்த இலைக்குப் போயிட்டா. திமிரு எம்புட்டு இருக்கும் பாருங்க. "என்ன மயினி இப்படி மடக்கிட்டிய"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்லா, கை தவறிப் போச்சுன்னு. கேக்கல. அதுக்கப்புறம் நான் இந்தப் பக்கம் வரவும் இல்ல, அவகிட்டப் பேசவும் இல்ல.

இலையில என்ன மிச்சம் இருந்துச்சுன்னு கேக்கியளா? ஒண்ணும் இல்ல. அது வேற விசயம்.

வீட்டுல சொல்லிப்போட்டேன், இனிமே அந்த வீட்டு வாசப்படிய யாரும் மிதிக்கக் கூடாதுன்னு. மகன் மாமியா வீடாச்சே, அவனைச் சொல்ல முடியாது. ஆனா எங்க வீட்டு அவ்வோ மறுபேச்சு பேசல. அந்த விசயத்துல சொன்ன சொல்லைக் காப்பாத்துத மனுசன். இத்தனைக்கும் உங்க ஊருக்கு அடிக்கடி வருவாவ, கேட்டியளா. அவ்வோகூட மின்சார ஆபீஸுல வேலை பாத்த சிநேகிதர் ஒருத்தர் இங்கன இருக்காரு, ஆவுடையப்பன்னு பேரு. இந்த ஊருல எல்லாருக்கும் இதே பேருதான் போல. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை காலையில கிளம்புனா பொழுதடையத்தான் வருவாவ. வந்தா ராச்சாப்பாடு வேண்டாம்பாவ. "ஆவுடையப்பன் விடமாட்டேனுட்டாரு"ம்பாவ. வேட்டியில பஞ்சு பஞ்சா ஒட்டியிருக்கும். கேட்டா குளத்தங்கரையில நடந்து வந்தேன்பாவ. தானுண்டு தன் சிநேகிதருண்டுன்னு இருப்பாவ. சம்பந்தக்காரி வீட்டுத் திசையைக்கூடப் பாக்கல.

இப்பம் வந்த விசயத்துக்கு வாரேன். போன மாசம் அவ்வோளுக்குக் காய்ச்சல். விசக்காய்ச்சல்னு சொன்னாவ. ஆஸ்பத்திரியில படுக்க வச்சு, ஊசி போட்டு, காய்ச்சல் விட்டுப் போச்சு. ஆனா நாக்கு செத்துப் போச்சு தங்கச்சி. எதை வச்சாலும் வேண்டாம். இட்லி வேண்டாம். ரசஞ்சோறு வேண்டாம். கஞ்சி ரெண்டு கரண்டி போனா பெரிசு. சட்டை தோளுல நிக்க மாட்டேங்கு. நல்லாத் தாட்டியமா இருந்த மனுசன். டாக்டர் என்ன சொல்லுதாருன்னா, "நோய் போயிருச்சும்மா, இனிமே சாப்பாடுதான் மருந்து. எது கேட்டாலும் குடுங்க. சாப்பிடலைன்னா எங்களால ஒண்ணும் செய்ய முடியாது"ன்னாரு. அந்தக் கடைசி வார்த்தையை எதுக்குச் சொன்னாருன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு ஆறல.

பக்கத்துல உக்காந்து கேட்டேன், "என்னதான் வேணும், சொல்லுங்க. மெட்ராஸுல கிடைக்கதுன்னாலும் வாங்கியாரச் சொல்லுதேன்"னு. கண்ணை மூடிக்கிட்டே கிடந்தாவ. பொறவு மெதுவா, "ஏளா, அந்தச் சம்புச் சொதி ஒரு வாய் கிடைச்சா சாப்பிடுவேன்"ன்னாவ.

என் வீட்டுல, என் கட்டிலுல படுத்துக்கிட்டு, என்கிட்டயே கேக்காவ. எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஆனா சண்டை போடுத நேரமா அது? சரின்னேன். புல்லுதான, என்ன பெரிய வித்தை. சொதி வைக்க எனக்குத் தெரியாதா?

எங்க பக்கம் ஒரு வாய்க்கால் உண்டு, அதுல சம்பு மண்டிக் கிடக்கும். எருமை மேய்க்கவன்கிட்டச் சொன்னேன். ஒரு கட்டு அறுத்துக் கொண்டாந்து முற்றத்துல போட்டுட்டுப் போயிட்டான். எதைத் திங்கதுன்னு யாருகிட்டக் கேக்க? மூணு வருசமா புல்லுச் சொதி புல்லுச் சொதின்னு தெருவெல்லாம் சிரிச்சிட்டு, இப்பம் போய்க் கேட்டா மானம் போயிரும். நல்லா நோட்டம் பாத்தேன். இலையைத் திங்க முடியாது. மேல பாத்தா கதிர் இருக்கு. தடிச்சு, உருண்டு, சேப்பங்கிழங்கை வறுத்து வச்ச கலர்ல. இதுதான் காய்னு எவளுக்கும் தோணும். தோணும்லா?

அடுப்புல தேங்காப்பால் கொதிச்சுக்கிட்டு இருக்கு. மேல ஃபேன் ஓடுது. கதிரை அரிவாமணையில வச்சு ஒரு இழுப்பு இழுத்தேன்.

அம்மாடி! அதுக்குள்ள அம்புட்டுப் பஞ்சா இருக்கும்? ஒரு தலையணைய அறுத்து விட்ட மாதிரி பொங்கிக்கிட்டு வருது. கையில அமுக்குதேன், இன்னும் பொங்குது. ஃபேன் காத்துல அடுக்களை முழுக்கப் பறக்கு. தேங்காப்பால்ல பஞ்சு. பாசிப்பருப்புல பஞ்சு. சாமி படத்துல பஞ்சு, முருகனுக்குத் தாடி வச்ச மாதிரி. என் தலையெல்லாம், வாயெல்லாம். ஃபேனை அமத்தணும்னு எனக்குத் தோணவே இல்ல, கோட்டி பிடிச்ச மாதிரி ஒவ்வொண்ணாப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன்.

நிலைவாசல்ல சத்தம் கேட்டுச்சு. அவ்வோதான். சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சு வந்து நிக்காவ. என்னைப் பாத்துச் சிரிக்காவ. தோளு குலுங்கக் குலுங்கச் சிரிக்காவ. காய்ச்சல் வந்ததுலருந்து அன்னைக்குத்தான் அந்த மூஞ்சியில சிரிப்பைப் பாத்தேன். சிரிச்சு, இருமி, மூச்சு வாங்கி, "கதிரைத் திங்கக் கூடாதுளா. பூக்காத சம்புச் செடியாப் பாத்து வேரோட பிடுங்கி, அடித்தண்டை உரிச்சுக்கிட்டே போணும், வெள்ளையா விரல் தண்டிக் குருத்து வரும்"ன்னாவ. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"னேன். "ஆவுடையப்பன் சொல்லுவாரு"ன்னாவ. அந்த அண்ணாச்சிக்குத் தெரியாத விசயமே கிடையாது போல.

மறுநா அதே மாதிரி குருத்து எடுத்தேன். உரிச்சேன். வச்சேன். என் கண்ணுக்கு வெள்ளையாத்தான் இருந்துச்சு. கட்டிலுக்கே கொண்டு போய், பிசைஞ்சு, ஒரு வாய் ஊட்டுனேன். மென்னாவ. மென்னுக்கிட்டே இருந்தாவ. நாரு. போதாக்குறைக்கு வாய்க்காலு சாக்கடை வாடை, எத்தனை தண்ணியில அலசுனாலும் போவல. அவ்வோ என் மனசை நோவ வைக்கக் கூடாதுன்னு முழுங்கப் பாக்காவ. முழுங்க முடியல. துண்டுல துப்பிட்டு, "நல்லாத்தான் இருக்கு, எனக்குத்தான் முடியல"ன்னு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாவ.

கல்யாணம் ஆன நாள்லருந்து என் கையால சாப்பிட்ட மனுசன் தங்கச்சி. அடுக்களையில போய் நின்னு அழுதேன். பயம் வந்துட்டு. இந்த ஆளு இப்படியே திரும்பிப் படுத்துப் போயிருவாவளோன்னு பயம். சொதிக்கு வெங்காயம் உரிச்சாக் கண்ணு கலங்கத்தான் செய்யும், அப்படின்னு வச்சுக்கிடுங்க.

மகன்கூட வெளியூருல இருக்க வடிவுக்குப் போன் போட்டேன். "ஏம்மா, உங்க அம்மா அந்தச் சொதியை எப்படி வைப்பா?" "எனக்குத் தெரியாது அத்த"ங்கா. பிறந்து வளந்த வீட்டுச் சொதி இவளுக்குத் தெரியாதாம்! "நீங்க அம்மாகிட்டக் கேளுங்க அத்த. அம்மா உங்க போனுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கா"ங்கா. என்ன சாமர்த்தியம் பாத்தியளா? தாயும் மகளும் ஒரே அச்சு. "எனக்கு ஒண்ணும் அவகிட்டக் கேக்க வேண்டியது இல்ல. நாளைக்கு நேருல போய் ரெண்டு வார்த்தை சொல்லத்தான் போறேன்"னு வச்சிட்டேன். இன்னைக்கு அவ்வோளைப் பாத்துக்கிட நாத்தனாளை உக்கார வச்சிட்டு வந்திருக்கேன். அவளுக்குத்தான் இன்னைக்குப் பெரிய திருவிழா. போ போ, புல்லுச் சொதிக்குப் போ மயினின்னு வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புதா.

கேக்கப் போறது என்னன்னா, இவ்வளவு உரிக்கணும், இன்ன தண்ணியில பிடுங்கணும்னு அன்னைக்குப் பந்தியிலயே சொல்லியிருந்தா என் பாலு, பருப்பு எல்லாம் வீணாப் போயிருக்குமா? மறைச்சு வச்சது அவ தப்புதான? நீங்களே சொல்லுங்க.

தூக்குச்சட்டியப் பாக்கியளா? சும்மா கொண்டு வந்தேன். எங்க போனாலும் ஒரு தூக்கு கையில இருக்கது நல்லது. தேங்கா இருக்கு, எலுமிச்சம்பழம் இருக்கு. எங்க வீட்டுத் தேங்காப்பாலு கட்டியா இருக்கும்.

இதுவா? சுருட்டி வச்சிருக்கது இலைதான். வாழையிலை. தோப்புக்காரர் வீட்டுக்கு எதுக்கு இலையா? ம். அது இருக்கட்டும். பொறவு சொல்லுதேன்.

குளம் வந்துட்டோ? அந்தா பச்சையாத் தெரியுதே, அதெல்லாம் சம்புதானா? தண்ணி என்ன தெளிவாக் கிடக்கு! அதான் வாடை இல்லாம இருந்திருக்கு. தங்கச்சி, நீங்க இந்த ஊருதான, ஒரு உதவி. அந்த ஆவுடையப்பன் அண்ணாச்சி வீடு எங்கன இருக்கு? சிநேகிதருக்கு முடியலன்னு அவருக்கும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருவேன். மின்சார ஆபீஸு. ரிட்டையர்டு.

இல்லையா?

நல்லா யோசிச்சுப் பாருங்க. மேலத்தெருவுல? அங்கயும் இல்லையா? மின்சார ஆபீஸுல வேலை பாத்தவங்களே இந்த ஊருல கிடையாதா? அப்பம் ஞாயித்துக்கிழமை...

வேட்டி கட்டி, மூக்குக் கண்ணாடி போட்டு ஒரு பெரியவரு, ஆமா, வெத்தலைப்பெட்டி வச்சிருப்பாவ. பாத்திருக்கியளா? எங்க பாத்திய? வாழைத்தோப்புக்காரர் வீட்டுலயா? படியில உக்காந்து குருத்து உரிச்சுக் குடுத்துக்கிட்டு இருப்பாரா?

சரி.

இல்ல, ஒண்ணும் இல்ல. சன்னலைக் கொஞ்சம் தொறங்க, காத்து வரட்டும்.

மூணு வருசமா எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. அவளும் மூச்சு விடல பாத்தியளா? ஒரு வார்த்தை வடிவு மூலமா எட்ட விட்டிருந்தா நான் வீட்டை ரெண்டாக்கியிருப்பேன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. வந்த மனுசனுக்கு மாசம் தவறாம ஆக்கிப் போட்டு, வாயையும் மூடிக்கிட்டு இருந்திருக்கா. போட்டும். மனுசன் எங்கயாவது வயிறு நிறையச் சாப்பிட்டாவளே. அது போதும். வீட்டுக்குப் போய் அவ்வோளை நல்லாக் கேக்கணும். எந்திரிச்சு உக்காந்து பதில் சொல்ல தெம்பு வரட்டும், கேக்கேன்.

ஸ்டாப்பா? அந்தா நிக்காளே, அது யாரு? ஆவுடை மாதிரில்லா இருக்கு. அவதான். வடிவு சொல்லியிருப்பா. சேலையைத் தூக்கிச் செருகிட்டு, காலைக்கூடக் கழுவாம நிக்கா, முழங்காலு வரைக்கும் சேறு. கையில துண்டுல என்னமோ கட்டி வச்சிருக்கா. குருத்துதான். எப்பம் இறங்குனாளோ குளத்துல. அட்டை கடிச்சிருக்கும். மஞ்சள் அரைச்சுப் போட்டியான்னு கேக்கணும்.

கோவமா நிக்காளா, பாத்துச் சொல்லுங்க. எனக்கு இங்கருந்து மூஞ்சி தெளிவாத் தெரியல. சிரிக்காளா?

இலை எதுக்குன்னு கேட்டியள்லா? நான் ஒண்ணும் மன்னிப்புக் கேக்கப் போறேன்னு நெனச்சிராதீங்க. நான் தப்பே பண்ணல, கை தவறிப் போச்சுன்னு முதல்லயே சொன்னேன்லா. வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அவ அடுக்களையில உக்காந்து அவ சொதி வைக்கதைப் பாப்பேன். அவ்வோளுக்கு ஒரு தூக்கு எடுத்து வச்சிட்டு, என் இலையை நானே போட்டு, அவளை ஊத்தச் சொல்லிச் சாப்பிடுவேன். சாப்பிட்டுட்டு அவ கண்ணு முன்னால, என்னைப் பாத்து, உள்பக்கமா மடக்குவேன். அம்புட்டுத்தான். இந்தத் தடவை கை தவறாது.

கண்டக்டர் தம்பி, நிப்பாட்டுங்க, ஆள் இறங்கணும்! தங்கச்சி, நான் கம்பியப் பிடிச்சுக்கிடுதேன், நீங்க இந்தப் பையை மட்டும் கொண்டு வாங்க. மெதுவா. இலை கிழிஞ்சிராமப் பாத்துக்கிடுங்க.